பாறையா, காட்டெருமையா? யோக நூல் போடும் மனக்கணக்கு

ஜூன் 21 நெருங்கும்போது நீலகிரியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்கும். புல்தரை சொதசொதவென்று இருக்கும். ஆகவே யோகா நாள் நிகழ்ச்சி பெரும்பாலும் ஒரு கூடத்துக்குள்தான். ஸ்வெட்டரைக் கழற்றலாமா வேண்டாமா என்ற யோசனையோடு பிள்ளைகள் கை தூக்குவார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். கூடவே வருடந்தோறும் அதே கேள்விகளும் கிளம்பும். இது உடற்பயிற்சிதானே? மதச் சடங்கா? நோய்க்கு மருந்தா? மனதை நிறுத்த வேண்டும் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா?

2014 டிசம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை இந்த நாளை அறிவித்தது. 177 நாடுகள் அந்தத் தீர்மானத்தில் இணைந்திருந்தன. 2015 முதல் கொண்டாடப்படுகிறது. 2016இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யோகாவைச் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் கேள்விகள் தீரவில்லை. நாம் பார்க்கும் படத்துக்கும் பழைய நூல் பேசும் விஷயத்துக்கும் இடையில் பெரிய தூரம் இருப்பதே காரணம். அந்தத் தூரத்தைக் கொஞ்சம் அளந்து பார்ப்போம்.

நூல் எவ்வளவு பெரியது?

யோக தத்துவத்தின் அடிப்படை நூல் பதஞ்சலியின் யோக சூத்திரம். சூத்திரம் என்றால் நூலிழை. மனப்பாடம் செய்வதற்காகச் சுருக்கி முடிந்த வாக்கியங்கள். பதிப்பைப் பொறுத்து மொத்தம் 195 அல்லது 196. நான்கு பகுதிகள்: சமாதி பாதம், சாதன பாதம், விபூதி பாதம், கைவல்ய பாதம். சத்தமாக ஓதினால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வியாசர் பெயரில் உள்ள பழைய உரை இல்லாமல் பல சூத்திரங்கள் பிடிபடாது.

இதில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே சூத்திரங்கள். முதலாவது ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அடுத்தது முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்தச் சொல்கிறது. மூன்றாவது, அப்படி அமர்ந்தால் குளிர்-வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்காது என்கிறது. அவ்வளவே. எந்தக் காலை எங்கே மடக்குவது என்று ஒரு வரி இல்லை. உரையில் வரும் பத்மாசனம், வீராசனம் போன்ற பெயர்களும் பெரும்பாலும் உட்காரும் முறைகளே.

இன்று நாம் காணும் ஆசன வரிசைகள் பின்னால் வந்தவை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விவரிக்கிறது. சூரிய நமஸ்காரத்தை நாடறிய வைத்தவர்களில் முக்கியமானவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஔந்த் (இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ளது) சமஸ்தான அரசர். மூச்சோடு அசைவைக் கோத்து ஆசனங்களைத் தொடராகச் செய்யும் முறை 1930களில் மைசூர் அரண்மனையில் யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய வகுப்புகளிலிருந்து பரவியது. ஊட்டியிலிருந்து இறங்கி முதுமலை, பந்திப்பூர் தாண்டினால் வரும் அதே மைசூர். ஊட்டி பெர்ன்ஹில்லில் இன்றும் நிற்கும் அரண்மனை அந்த மன்னர் குடும்பத்தின் கோடைக்கால இருப்பிடமாக இருந்தது.

இதனால் ஆசனம் போலி என்று ஆகிவிடாது. முதுகுவலிக்கும் விறைத்த தோளுக்கும் அது உதவுகிறது, குளிர் ஊரில் கூடுதலாகவே உதவுகிறது. ஆனால் யோகம் என்றால் ஆசனம் என்று எடுத்துக்கொண்டால் நூலில் மீதியுள்ள 190க்கும் மேற்பட்ட சூத்திரங்கள் எதற்கு என்று சொல்ல முடியாமல் போகும்.

மூடுபனியில் ஒரு கறுப்பு உருவம்

நூலின் இரண்டாவது சூத்திரமே யோகத்துக்கு இலக்கணம் சொல்லிவிடுகிறது: சித்த விருத்திகளின் நிரோதம் யோகம். சித்தம் என்பது மனம், புத்தி, அகங்காரம் எல்லாம் சேர்ந்த உட்கருவி. விருத்தி என்பது அதில் எழும் அசைவு, சுழல். நிரோதம் என்பது அடங்குதல். குழப்பம் இந்தக் கடைசிச் சொல்லில்தான் தொடங்குகிறது. அதற்கு வருமுன் விருத்தி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

மாலை ஐந்தரை மணி. கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. மூடுபனி இறங்கிவிட்டது. இருபது அடி தூரத்தில் இடுப்பளவுத் தேயிலைச் செடிகளுக்கு மேலே ஏதோ கறுப்பாக நிற்கிறது. இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் இந்தக் கணம் புதிதல்ல. பாறையா, காட்டெருமையா? வேதாந்திகள் கயிறையும் பாம்பையும் வைத்துச் சொன்னதை இங்கே பாறையையும் மாட்டையும் வைத்துச் சொல்லலாம். பதஞ்சலி விருத்திகளை ஐந்தாகப் பிரிக்கிறார். ஐந்தும் இந்த ஒரு பாதையில் கிடைக்கும்.

1. பிரமாணம். சரியான அறிவு. இது மூன்று வழிகளில் வரும். கண்ணால் நேரே பார்ப்பது ஒன்று. பாதையில் ஆவி பறக்கும் சாணத்தைப் பார்த்து மாடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று ஊகிப்பது இன்னொன்று. மேல் வரிசையில் கொழுந்து பறிக்கும் அக்கா "கீழ வராதீங்க, மாடு நிக்குது" என்று குரல் கொடுக்க, அதை நம்புவது மூன்றாவது. நம்பத்தக்கவர் சொல்லும் அறிவுக்கான வழிதான்.

2. விபரியயம். பிழையான அறிவு. அது பாறைதான். ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை நடுங்குகிறது, மூச்சு தாறுமாறாகிறது. பாறைக்கு வந்த நடுக்கமும் மாட்டுக்கு வரும் நடுக்கமும் உடம்புக்கு ஒன்றே.

3. விகல்பம். சொல் இருக்கும், அதற்கான பொருள் இராது. "பயந்து ஓடினேன் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்?" அந்த 'ஊர்' எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. என் கணக்கில் நம் தூக்கத்தை அதிகம் கெடுப்பது இந்த மூன்றாவது வகைதான்.

4. நித்திரை. தூக்கத்தையும் ஒரு விருத்தி என்கிறார். எழுந்தபின் "நன்றாகத் தூங்கினேன்" என்று சொல்ல முடிகிறதென்றால் அப்போதும் சித்தம் ஏதோ பதிவு செய்திருக்கிறது என்பது உரையின் வாதம்.

5. ஸ்மிருதி. நினைவு. போன வருடம் இதே வளைவில் ஒருவரை மாடு முட்டியது என்ற நினைவு இன்றைய பாறைக்குக் கொம்பு வைத்துவிடுகிறது.

இதற்கு முந்திய வரியில் பலர் கவனிக்காமல் கடக்கும் ஒரு குறிப்பு இருக்கிறது. இந்த ஐந்தும் இரண்டு வகைப்படும்: துன்பம் தருபவை, துன்பம் தராதவை. சரியான அறிவும் துன்பம் தரலாம், நினைவும் நன்மை செய்யலாம். ஆகவே அன்றாட வாழ்வில் இருப்பவருக்கு முதல் வேலை எண்ணத்தை நிறுத்துவது அல்ல. எந்த எண்ணம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது. நிரோதத்தின் முடிவான முழு ஒடுக்கம் என்ற நிலையையும் நூல் பேசுகிறது, மறுப்பதற்கில்லை. அது பாதையின் கோடியில் இருப்பது. கோடியில் இருப்பதை முதல் நாள் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுவதால்தான் "கண்ணை மூடினால் எண்ணம் கூடுதலாக வருகிறது, எனக்கு இது ஒத்துவராது" என்று முக்கால்வாசிப் பேர் எழுந்துபோகிறார்கள்.

இலை விலைச் செய்தியும் ஐந்து வேர்களும்

துன்பம் தரும் விருத்திகள் எங்கிருந்து முளைக்கின்றன? இதற்கு நூல் தரும் பதில் கிலேசங்கள். ஐந்து வேர்கள். சொற்பொழிவுகளில் இவை பட்டியலாக வந்து பட்டியலாகப் போய்விடும். ஒரே ஒரு நிகழ்ச்சியில் பொருத்திப் பார்த்தால்தான் விளங்கும்.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று தேயிலை வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் இப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குன்னூரில் வாரந்தோறும் நடக்கும் ஏலத்தில் தேயிலைத்தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதையொட்டித்தான் பச்சைத் தேயிலையின் விலை. தேயிலை வாரியம் மாதந்தோறும் சராசரியை அறிவிக்கும். அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. விலை இறங்கியிருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். இனி அவருக்குள் நடப்பது:

1. அவித்தை. நிலையற்றதை நிலையானது என்று கொள்வது. போன மாத விலை இப்படியே நிற்கும் என்று எண்ணி, அதை நம்பிக் கடன் வாங்கியிருக்கிறார். மற்ற நான்கும் முளைக்கும் வயல் அவித்தை என்கிறது நூல்.

2. அஸ்மிதை. பார்க்கிறவனையும் பார்க்கும் கருவியையும் ஒன்றாக்கி 'நான்' என்பது. "இலை விலை இறங்கியது" என்ற செய்தி ஒரு நொடியில் "நான் கீழே போய்விட்டேன்" என்று மாறிவிடுகிறது.

3. ராகம். சுகத்தின் பின்னாலேயே ஓடும் பற்று. விலை நன்றாக இருந்த ஒரு வருடத்தின் நினைப்பு. இன்றைய விலையை அந்த வருடத்தோடு ஒப்பிட்டுத்தான் மனம் அளக்கிறது.

4. துவேஷம். துன்பத்தின் பின்னால் ஓடும் வெறுப்பு. இலை எடுக்க வரும் ஏஜென்டின் வண்டிச் சத்தம் கேட்டாலே எரிச்சல்.

5. அபிநிவேசம். உயிரை இறுகப் பிடித்துக்கொள்வது, சாவுக்கு அஞ்சுவது. கற்றறிந்தவருக்கும் இது உண்டு என்று நூல் வெளிப்படையாகவே சொல்கிறது. "இப்படியே போனால் பிழைக்கவே முடியாது" என்று இரவு இரண்டு மணிக்கு வரும் நினைப்பு இந்த வேரிலிருந்து வருவது.

விலை இறங்கியது நிஜம், கடனும் நிஜம். எந்தத் தியானமும் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட ஏற்றாது. நூலும் அப்படிச் சொல்லவில்லை. அது சொல்வது, இன்னும் வராத துன்பமே தவிர்க்கத்தக்கது என்பது. இறங்கிவிட்ட விலை வந்துவிட்ட துன்பம், அதற்கு வழி சங்கத்திலும் சந்தையிலும் வங்கியிலும் தேட வேண்டியது. அதன்மேல் நான்கு வாரம் இரவுதோறும் மனம் ஏற்றப்போகும் வட்டி இருக்கிறதே, அது வராத துன்பம். யோகத்தின் எல்லை அந்த வட்டியோடு நிற்கிறது.

கிலேசங்கள் நான்கு நிலைகளில் இருக்கும் என்கிறது நூல்: உறங்குவது, மெலிந்தது, இடையில் தடைப்பட்டது, முழு வீச்சில் இருப்பது. மலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. நீலக்குறிஞ்சி பதினொரு வருடம் வெறும் பச்சைப் புதர், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2018இல் பூத்தது, அடுத்து 2030. உறங்கும் கிலேசம் அப்படித்தான். "எனக்குக் கோபமே வராது" என்பவர் பாகப்பிரிவினை நாளன்று எழுந்து நிற்பார். உண்ணிச்செடியை வெட்டினால் ஒரு மழைக்குத் தலைகாட்டாது, வேர் இருப்பதால் பிறகு தழைத்து வரும். அது மெலிந்த நிலை. ஒரு வாரப் பயிற்சி முகாம் முடித்து வந்தவரின் சாந்தம் பெரும்பாலும் இந்த வகை.

முதல் படியில் மற்றவர்கள் இருக்கிறார்கள்

எட்டு அங்கங்களின் வரிசை பலருக்குத் தெரியும்: இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. வகுப்புகள் மூன்றாவதில் தொடங்குகின்றன. விடுதிகள் ஏழாவதை விற்கின்றன. முதலாவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இயமம் ஐந்து: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், மிகைப்பொருள் சேர்க்காமை. ஐந்தும் மற்றவர்களோடு நாம் நடந்துகொள்ளும் விதம் பற்றியவை. தனியாக ஒரு குகையில் இருப்பவர் பொய் சொல்ல முடியாது, திருட முடியாது. ஆகவே யோகத்தின் முதல் படியே வீடும் தெருவும் சந்தையும்தான்.

திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டு அங்கங்களை அட்டாங்க யோகம் என்று வரிசைப்படுத்துகிறார். ஆனால் அவருடைய இயமப் பட்டியல் ஐந்தோடு நிற்கவில்லை. கொல்லாதவன், பொய் சொல்லாதவன், திருடாதவன் என்று தொடங்கி, நடுநிலை தவறாதவன், பகுத்து உண்பவன், கள் குடிக்காதவன் என்று போகிறது. பகிர்ந்து சாப்பிடுவது யோகத்தின் முதல் படியில் இருக்கிறது! பதஞ்சலியின் பட்டியலில் இல்லாத இந்த ஒரு சொல்லுக்காகவே திருமூலரைத் தனியாகப் படிக்கலாம்.

இயமத்தை மீறுவதை நூல் எப்படிக் கணக்கிடுகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஒரு தீங்கைத் தானே செய்யலாம், பிறரைக் கொண்டு செய்விக்கலாம், செய்வதைப் பார்த்து ஒப்புக்கொள்ளலாம். மூன்றும் மீறலே. ஒவ்வொன்றும் பேராசையால் வரலாம், கோபத்தால் வரலாம், மயக்கத்தால் வரலாம். ஒவ்வொன்றும் லேசாகவோ நடுத்தரமாகவோ தீவிரமாகவோ இருக்கலாம். பெருக்கினால் 27.

குன்னூர் மலைப்பாதையில் ஏறும் ஒரு வேனை நினைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் தடை செய்யப்பட்ட மாவட்டம். இருந்தும் சீட்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வந்த பாட்டில் காலியானதும் ஜன்னல் வழியே போகிறது. எறிந்தவர் ஒருவர். "சோதனைச்சாவடி வருது, வெளிய போட்டுரு" என்று சொன்னவர் ஒருவர். மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் சட்டம் முதலாமவரைத் தேடும். பதஞ்சலியின் கணக்கில் வேனில் விழித்திருந்தவர் அத்தனை பேருக்கும் பங்கு உண்டு. அன்று காலை அவர்கள் அனைவரும் விடுதிப் புல்வெளியில் பிராணாயாமம் செய்துவிட்டு வந்திருக்கலாம், அதனால் கணக்கு மாறாது.

வாய்மைக்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உயிர்களுக்கு நன்மை செய்யவே பேச்சு, கெடுப்பதற்கு அல்ல என்று வியாசர் உரை சொல்கிறது. தீமை இல்லாத சொல்லே வாய்மை என்ற வள்ளுவரின் இலக்கணமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. "நான் உள்ளதைச் சொல்பவன்" என்று மார்தட்டிக்கொண்டு அடுத்தவரைக் காயப்படுத்துவதற்கு இரண்டு பேரிடமும் அனுமதி கிடைக்காது.

ஐந்தாவதான அபரிக்கிரகத்தை நாம் தனிமனிதச் சிக்கனம் என்று சுருக்கிவிடுகிறோம். மலைக்கு அது கொள்ளளவுப் பிரச்சினை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வந்தது. தனக்குத்தானே எல்லை வைத்துக்கொள்ளத் தெரியாதபோது வெளியிலிருந்து ஒருவர் வைக்க வேண்டியிருக்கிறது. வெளியிலிருந்து வந்தால் அது அபரிக்கிரகம் ஆகாது, போக்குவரத்து ஒழுங்கு என்று மட்டும் சொல்லலாம். இரண்டும் வேண்டும்தான்.

'போதும்' என்று யார் யாருக்குச் சொல்வது?

நியமத்தில் இரண்டாவதாக வருவது சந்தோஷம். சிரிப்பு, கொண்டாட்டம் என்று இன்று நாம் கொள்ளும் பொருள் இங்கே இல்லை. கையில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ள விருப்பம் எழாத நிலை. நம் வழக்கில் போதுமென்ற மனம்.

யோக நூலில் அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படும் சொல் இதுதான். எடை போடும்போது ஈரத்துக்கு என்று கூடுதலாகக் கழிக்கிறார்கள் என்று ஒரு பெண் முறையிட்டால், "இருக்கறத வச்சு நிம்மதியா இரும்மா" என்று அறிவுரை வருகிறது. நியமங்கள் ஐந்தும் பயிற்சி செய்பவர் தனக்குத்தானே விதித்துக்கொள்பவை. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு விதிக்கும் ஒழுங்காக அது நூலில் எங்கும் வரவில்லை. அதோடு எடையில் குறைத்துப் போடுவது கள்ளாமைக்கு எதிரானது, அது முதல் படியில் இருக்கிறது. சந்தோஷமோ இரண்டாம் படியில். முதல் படியை உடைத்துவிட்டு இரண்டாம் படியைப் பற்றி உபதேசம் செய்ய யாருக்கும் இடமில்லை.

இதே குழப்பம் உபேட்சை என்ற சொல்லிலும் உண்டு. மனம் தெளிய நான்கு மனநிலைகளை நூல் சொல்கிறது: சுகமாக இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் கருணை, நல்லது செய்பவரிடம் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் உபேட்சை. இதில் கடினமானது எது என்று கேட்டால் பலரும் நான்காவது என்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் புது ஜீப் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பாட்டுக்குச் சுகமாக இருக்கிறார், நமக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவரிடம் நட்பாக இருப்பது எவ்வளவு கடினம்! துன்பப்படுபவரைக் கண்டால் இரக்கம் தானே வந்துவிடும். சுகப்படுபவரைக் கண்டால்தான் பயிற்சி தேவைப்படுகிறது, அதனால்தான் பட்டியலில் அது முதலில் நிற்கிறது போலும். உபேட்சை என்பது அநியாயத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது அல்ல. எதிர்க்க வேண்டியதை எதிர்க்கலாம். வீடு திரும்பிய பிறகும் அந்த ஆளை மனதுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்பதே அதன் பொருள்.

மூச்சு: மலைக்கென்று ஓர் எச்சரிக்கை

மனம் சிதறும்போது கூடவே வருபவை என்று நூல் நான்கைக் குறிப்பிடுகிறது: துக்கம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு. மூடுபனிப் பாதையில் பாறையைக் கண்டு நின்றவரிடம் கடைசி இரண்டையும் பார்த்தோம். மூச்சு மனநிலையின் மீட்டர். அந்த மீட்டரை வெளியிலிருந்தும் திருப்பலாம் என்பது பிராணாயாமத்தின் அடிப்படை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு குறைகிறது. வேகஸ் நரம்பு வழியாக இது நடப்பதை இன்றைய உடலியலும் ஒப்புக்கொள்கிறது.

திருமூலர் இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை என்று அளவு சொல்கிறார். இந்த எண்களைப் படித்துவிட்டு முதல் நாளே முயல்பவர்கள் உண்டு. அது கற்றுத்தேர்ந்தவருக்கான அளவு. மலையில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு, ஆகவே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறையும். இங்கேயே வாழ்பவர் உடம்பு பழகியிருக்கும். கோயம்புத்தூரிலிருந்து காலையில் ஏறி வந்து மாலையில் வேகவேகமாகக் கபாலபாதி செய்தால் தலை சுற்றலாம். அதைக் குண்டலினி எழும்புகிறது என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். வேகமாக ஊதும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வரும் கிறுகிறுப்பு அது.

1. வந்த முதல் நாளில் மூச்சை அடக்கும் பயிற்சி வேண்டாம். மூச்சை நீளமாக விடுவது மட்டும் போதும்.

2. ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கும்பகமோ (மூச்சை உள்ளே அடக்குவது) தலைகீழ் ஆசனமோ செய்யக்கூடாது. மருந்து மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

3. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு மூச்சுப் பயிற்சி செய்யவே கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, கரி மூட்டிப் படுத்து உயிர் போன சம்பவங்கள் மலையில் நடந்திருக்கின்றன.

சிக்னல் கிடைக்காத இடம்

பிரத்தியாகாரம் என்றால் புலன்களை உள்ளே திருப்புவது. வியாசர் தேனீக்களை உவமை சொல்கிறார்: தலைமைத் தேனீ பறந்தால் மற்றவை பின்னால் பறக்கும், அது உட்கார்ந்தால் அவையும் உட்காரும். மனம் தலைமைத் தேனீ, புலன்கள் கூட்டம். குறும்பர் பழங்குடியினர் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கி மலைத்தேன் எடுக்கும் ஊரில் இந்த உவமைக்கு விளக்கவுரை தேவைப்படாது.

செல்போன் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் இரண்டு நாள் தங்கிவிட்டு 'டிஜிட்டல் விரதம்' என்று சொல்லிக்கொள்கிறோம். கோபுரம் இல்லாததால் போன் அடிக்கவில்லை, அவ்வளவே. மனம் அங்கேயும் பாக்கெட்டைத் தடவிக்கொண்டுதான் இருக்கிறது. நான்கு கோடு சிக்னல் இருக்கும்போது எடுக்காமல் இருந்தால் அது பிரத்தியாகாரத்தின் தொடக்கம்.

தாரணை, தியானம், சமாதி மூன்றும் ஒரே இழையின் நீளம்தான்: ஓரிடத்தில் கட்டுவது, அந்தக் கட்டு அறுபடாமல் ஓடுவது, கடைசியில் பொருள் மட்டும் மிஞ்சுவது. ஒரு தவறான புகழ்ச்சியை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். இரண்டு இலை ஒரு மொட்டு என்று விரல்கள் ஓடும் வேகத்தைப் பார்த்து, கொழுந்து பறிப்பதே தியானம் என்று சுற்றுலாக் குறிப்புகள் எழுதுகின்றன. விரல் ஓடும்போது அந்த அம்மாவின் மனதில் மகளின் காலேஜ் பீஸ், முதுகில் பாரம், காலில் அட்டை. பழகிய கை தானாக வேலை செய்வது வேறு, மனம் ஒன்றில் நிற்பது வேறு.

மதமா என்ற கேள்விக்கு

சுருக்கமான பதில்: நூல் கடவுளைப் பேசுகிறது, ஆனால் எந்தத் தெய்வத்தின் பெயரையும் சொல்லவில்லை. அதன் தத்துவ அடித்தளம் சாங்கியம்: பார்க்கும் புருடன் வேறு, பார்க்கப்படும் பிரகிருதி வேறு, மனமும் பிரகிருதியைச் சேர்ந்ததே. ஈசுவரனிடம் ஒப்படைப்பதை ஓரிடத்தில் 'அல்லது' என்ற சொல்லோடு ஒரு வழியாகச் சொல்கிறது, இன்னோரிடத்தில் நியமங்களில் ஒன்றாக வைக்கிறது. தனக்கு விருப்பமான எதையும் தியானிக்கலாம் என்றும் ஒரு சூத்திரம் உண்டு. ஆக, நாத்திக நூல் என்பதும் தவறு, ஒரு கோயிலுக்குச் சொந்தமானது என்பதும் தவறு. மூன்றாம் பகுதியில் வரும் சித்திகளை, அதாவது அபூர்வ சக்திகளைக் காட்டி ஆள் சேர்ப்பவர்களுக்கு, அந்தச் சித்திகள் சமாதிக்கு இடையூறு என்று அதே பகுதி சொல்வதை நினைவுபடுத்தலாம்.

எங்கே தொடங்குவது?

1. இயமம் ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக வாய்மை. இரவில் இரண்டு நிமிடம்: இன்று எங்கே பொய் சொன்னேன், யாரைச் சொல்ல வைத்தேன், யார் சொன்னதைக் கேட்டுச் சும்மா இருந்தேன்? அந்த மூன்று கேள்விகளே போதும்.

2. கெட்ட எண்ணம் வந்தால் எதிர் எண்ணத்தை வளர்க்கச் சொல்கிறது நூல். இது 'பாசிட்டிவ் திங்கிங்' அல்ல. இந்தக் கோபத்தைப் பின்தொடர்ந்தால் விளைவு என்ன, எவ்வளவு நாள் துன்பம் என்று வரவுசெலவு பார்ப்பது. கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது வரும்.

3. செய்தி வந்தவுடன், அது இலை விலையோ வேறு எதுவோ, பதில் எழுதுமுன் மூன்று நீண்ட வெளிமூச்சு. பாறையா, மாடா என்று பார்க்க அந்த நேரம் போதும்.

4. நிலையாகவும் சுகமாகவும் பத்து நிமிடம் உட்காருங்கள். நாற்காலியிலும் உட்காரலாம். கம்பளி போர்த்திக்கொள்ளலாம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்? 21 நாள், 48 நாள் என்று பலகைகள் சொல்கின்றன. நூலில் எண் இல்லை. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு என்று மட்டும் இருக்கிறது. தேயிலைச் செடியை நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை கவாத்து செய்தால் பிறகு சில மாதங்கள் இலை கிடைக்காது, மொட்டைக் கிளைதான் நிற்கும். அந்த மாதங்களில் செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர் இந்த மலையில் யாரும் இல்லை.

நடுவில் விட்டுவிட்டால்? அதற்கும் பதஞ்சலி நூலில் இடம் ஒதுக்கியிருக்கிறார். பயிற்சிக்கு வரும் தடைகள் ஒன்பது. நோயில் தொடங்கி மந்தம், ஐயம், கவனக்குறைவு, சோம்பல், பற்றை விட முடியாமை, தவறாகப் புரிந்துகொள்வது, நிலையை எட்டாமை என்று போகிறது. ஒன்பதாவது, எட்டிய நிலையில் நில்லாமை. மூன்றாம் வாரமே பாயைச் சுருட்டிப் பரணில் போட்டவருக்கும் பட்டியலில் ஓர் எண் இருக்கிறது.